திரை இரண்டு, இசை ஒன்று

ஆடுபவரைப் பின்தொடரும் இசைக்கு உரிமையாளர் யார்?

நாட்டுக்கூத்து மேடையிலே மத்தளம் வாசிப்பவரின் கண் மத்தளத்தில் இராது. ஆடுபவரின் காலிலேயே இருக்கும். ஆடுபவர் ஒரு சுற்று அதிகமாக ஆடினால் மத்தளமும் ஒரு சுற்று நீளும். ஆட்டம் முடியும் குறிப்புத் தெரிந்ததும் தீர்மானம் வைத்து மத்தளமும் நிற்கும். மேல்நாடுகளில் பேசாப் படங்கள் ஓடிய காலத்திலே, திரைக்கு முன்னால் அமர்ந்து பியானோ வாசித்தவர்களும் இதையே செய்தார்கள். படத்தில் குதிரை ஓடினால் அவர்கள் விரலும் ஓடும். காதலர் பிரிந்தால் விரலும் தளரும்.

பேசும் படம் வந்த பின்னர் இசையமைப்பாளருக்கு இந்தக் கவலை நீங்கிற்று. ஒரு காட்சி எத்தனை வினாடி ஓடும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். உடம்பை அளந்து சட்டை தைப்பது போலக் காட்சியை அளந்து இசையை அமைத்துவிடலாம்.

வீடியோ விளையாட்டின் நிலைமை இவை இரண்டிலும் சேராதது. இசையமைப்பாளர் தமது வேலையை என்றோ முடித்துவிட்டார். விளையாடுபவரோ இன்றிரவுதான் விளையாடுகிறார். அவர் ஓர் அறைக்குள் நுழைந்து ஒரு கணத்தில் வெளியேறலாம். ஒரு மணி நேரம் அங்கேயே தங்கிவிடவும் கூடும். எதிரியைக் கண்டு பாயலாம், பதுங்கலாம், தோற்றும் போகலாம். எது நிகழும் என்பதை யாரும் அறியார். அப்படியானால் அந்த இசை எவ்வாறு ஆடுபவரோடு சேர்ந்து செல்வது? மத்தளக்காரரின் கண்ணை ஓர் இயந்திரத்துக்கு எவ்வாறு கொடுப்பது?

இந்தக் கேள்விக்கு விடை கண்டவர்கள் சிலர் அதனை ஆக்கவுரிமையாகவும் பதிவு செய்துகொண்டார்கள். ஆகவே இரண்டாவது கேள்வியொன்றும் எழுகிறது: இசையை நடத்தும் ஒரு வழி, ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருக்கலாமா?

நான்கு சுரங்களின் நடை

1978-ஆம் ஆண்டில் யப்பானிய நிறுவனமான டைட்டோ வெளியிட்ட ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்னும் விளையாட்டிலிருந்து இக்கதையைத் தொடங்கலாம். அதனை ஆக்கியவர் டொமோஹிரோ நிஷிகாடோ என்பவர். வானிலிருந்து வரிசை வரிசையாக இறங்கிவரும் வேற்றுலகப் பகைவரைச் சுட்டு வீழ்த்துவதே ஆட்டம். அதிலுள்ள இசை மிகச் சொற்பம். தாழ்ந்த ஒலியில் இறங்குமுகமாக அமைந்த நான்கு சுரங்கள் மட்டும் மீண்டும் மீண்டும் ஒலிக்கும். பகைவர் தொகை குறையக் குறைய எஞ்சியவர் விரைந்து நகர்வர். அந்த நான்கு சுரங்களும் அவர்களோடு சேர்ந்து விரையும். ஆடுபவரின் நெஞ்சுத் துடிப்பும் கூடவே விரையும். ஆட்டத்தைப் பார்த்து நடையை மாற்றும் இசை அவ்வாறே பிறந்தது.

1985-இல் நின்டென்டோ நிறுவனம் வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டுக்கு இசையமைத்தவர் கோஜி கொண்டோ. ஒதுக்கப்பட்ட நேரத்தில் நூறுக்கும் குறைவான அலகுகள் எஞ்சியிருக்கும்போது அதன் இசை திடீரென வேகம் கொள்ளும். 1990-இல் வந்த ‘சூப்பர் மாரியோ வேர்ல்ட்’ இன்னும் ஒரு படி சென்றது. அதில் மாரியோ என்னும் நாயகன் யோஷி என்ற பிராணியின் முதுகில் ஏறியதும், நடந்துகொண்டிருக்கும் மெட்டு நிற்பதில்லை. அதே மெட்டுக்கு ஒரு மேளத்தின் ஒலி வந்து சேர்ந்துகொள்ளும். இறங்கினால் மேளமும் நின்றுவிடும். பாட்டு ஒன்று, பக்கவாத்தியம் மட்டும் வேறு என்னும் இந்த உத்தி இன்றுவரை பயன்பட்டு வருகிறது.

இசை அறுந்துபோகும் இடம்

வேகத்தை மாற்றுவதும் மேளத்தைச் சேர்ப்பதும் எளிது. ஒரு மெட்டிலிருந்து முற்றிலும் வேறான இன்னொரு மெட்டுக்குச் செல்வதே கடினம். அக்கால விளையாட்டுகளில் கதாபாத்திரம் ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குச் சென்றால், ஓடிக்கொண்டிருந்த இசை கத்தியால் வெட்டியது போல அறுந்துவிடும். மறுகணம் புதிய இசை தலையிலிருந்து தொடங்கும். பாடகரின் வாயைப் பொத்திவிட்டு வேறொருவரைப் பாடச் சொல்வது போன்றது இது.

அமெரிக்காவில் திரைப்பட இயக்குநர் ஜோர்ஜ் லூக்காஸின் நிறுவனத்தைச் சேர்ந்த லூக்காஸ்ஆர்ட்ஸ் என்னும் விளையாட்டுப் பிரிவில், மைக்கல் லாண்ட் என்ற இசையமைப்பாளர் பணியாற்றினார். இந்த அறுபடுதல் அவருக்குப் பொறுக்கவில்லை. தம் நண்பரான பீற்றர் மக்கொனலையும் சேர்த்துக்கொண்டு அவர் ஓர் ஏற்பாட்டை உருவாக்கினார். ‘ஐமியூஸ்’ என்று அதற்குப் பெயர். 1991-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘மங்கி ஐலண்ட் 2’ என்னும் கடற்கொள்ளைக்காரர் கதையில் அது முதன்முதலாகப் பயன்பட்டது.

அந்த விளையாட்டில் வுட்டிக் என்று ஓர் ஊர் உண்டு. உடைந்த மரக்கலங்களையே வீடுகளாக்கிக் கொண்ட ஊர் அது. ஊரின் பாதையில் நடக்கும்போது ஒரு மெட்டு ஒலிக்கிறது. ஒரு கப்பலுக்குள் நுழைந்தால், அந்த மெட்டு அறுவதில்லை. அங்கே வாழ்பவரின் குணத்துக்கு ஏற்றபடி வேறு வாத்தியமும் வேறு அலங்காரமும் பூண்டுகொள்கிறது. வெளியே வந்தால் சிறிய இணைப்பொன்று வாசிக்கப்பட்டு, பழைய மெட்டுக்கே இசை திரும்புகிறது. தாளம் எவ்விடத்திலும் தவறுவதில்லை. திரையின் பின்னே வாத்தியக் கோஷ்டியொன்று மறைந்திருந்து நம்மைக் கவனித்து வாசிக்கிறதோ என்று ஐயுறும் வண்ணம் அது அமைந்திருந்தது.

சந்தியில் நிற்கும் காவலர்

இவ்வித்தை எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சற்று நோக்குவோம். அக்காலக் கணினி விளையாட்டுகளில் பாட்டு, ஒலிப்பதிவாக இருக்கவில்லை. எந்தச் சுரத்தை, எந்த வாத்தியத்தில், எவ்வளவு நேரம், எவ்வளவு பலமாக வாசிக்க வேண்டும் என்னும் கட்டளைகளின் வரிசையாகவே அது இருந்தது. 1983-ஆம் ஆண்டளவில் வாத்திய உற்பத்தியாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட ‘மிடி’ என்ற ஒழுங்கின்படி இக்கட்டளைகள் எழுதப்பட்டன. ஒலிப்பதிவைச் சமைத்த உணவு என்றால், மிடியைச் சமையற் குறிப்பு என்று சொல்லலாம். சமைத்ததை மாற்ற இயலாது. குறிப்பை மாற்றுவதோ இலகு.

லாண்டும் மக்கொனலும் அந்தக் கட்டளை வரிசையின் நடுவே ஆங்காங்கு சில அடையாளங்களை இட்டார்கள். அவற்றைத் தீர்மான இடங்கள் எனலாம். இசை அந்த இடத்தை அடைந்ததும், சந்தியில் நிற்கும் போக்குவரத்துக் காவலரைப் போல, ஒலியை நடத்தும் நிரல் ஆட்டத்தின் நிலையைக் கேட்டு அறிகிறது. ஆட்டக்காரர் இன்னும் அதே இடத்தில் நிற்கிறாரா? அப்படியானால் முன்போலவே செல்க. கதவைத் திறந்துவிட்டாரா? அப்படியானால் இந்த இணைப்பு வழியாக அடுத்த மெட்டுக்குத் தாவுக. ஆபத்து நெருங்குகிறதா? ஒரு வாத்தியத்தை நிறுத்தி மற்றொன்றை எழுப்புக. இவ்வாறு ஒவ்வொரு சந்தியிலும் கிளை பிரிந்து செல்வதால், இசை முழுவதும் ஒரு மரத்தின் வடிவைப் பெறுகிறது. எந்தக் கிளையிற் சென்றாலும் செவிக்கு இனிதாக இருக்க வேண்டும் என்பதே இசையமைப்பாளரின் பொறுப்பு.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இயந்திரம் தானாக இசையை இயற்றவில்லை. எங்கே தாவலாம், எங்கே தாவலாகாது என்பதை இசை அறிந்த மனிதரே முன்னதாகக் குறித்து வைத்தார். மத்தளக்காரரின் அனுபவம் அடையாளங்களாக எழுதி வைக்கப்பட்டது, அவ்வளவே.

ஊருக்குச் சொல்லிப் பெறும் உரிமை

இந்த ஏற்பாட்டுக்கு அமெரிக்க ஆக்கவுரிமை கோரி 1991-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆந் திகதி விண்ணப்பம் கொடுக்கப்பட்டது. 1994-ஆம் ஆண்டு மே 24-ஆந் திகதி 53,15,057 என்ற இலக்கத்தில் அது வழங்கப்பட்டது. கண்டுபிடிப்பாளர்களாக லாண்ட், மக்கொனல் ஆகிய இருவரின் பெயரும் அதில் உள்ளன.

ஆக்கவுரிமை என்பது பாட்டுக்குக் கிடைக்கும் உரிமையன்று. பாட்டைக் காப்பது பதிப்புரிமை. ‘மங்கி ஐலண்ட்’ மெட்டை வேறொருவர் எடுத்தாளலாகாது என்று தடுப்பது அதுவே. ஆக்கவுரிமையோ, செய்யும் முறையைக் காக்கிறது. எவரும் சொந்தமாகப் புதிய மெட்டை இயற்றலாம். ஆயினும் அதே முறையில் அதனை நடத்த முற்பட்டால் உரிமையாளரின் அனுமதியைப் பெற வேண்டும்.

இதற்குக் கைமாறாக உரிமையாளர் கொடுப்பது என்ன? தமது இரகசியம் முழுவதையும் கொடுத்துவிட வேண்டும். துறை தெரிந்த ஒருவர் படித்துப் பார்த்துத் தாமே செய்யக்கூடிய அளவுக்கு விளக்கமாகவும் படங்களுடனும் எழுதி ஒப்படைக்க வேண்டும். அந்த ஏடு உலகம் பார்க்க வெளியிடப்படும். குறித்த காலம் முடிந்ததும் அம்முறை எல்லோருக்கும் பொதுவாகிவிடும். பரம்பரை வைத்தியர் சிலர் தம் மருந்தின் பக்குவத்தை மகனுக்கு மட்டும் காதிற் சொல்லி, மகன் இல்லாதபோது அது அவரோடு அழிந்துபோன கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். அவ்வித அழிவு நேராதிருக்கச் சமுதாயம் செய்துகொண்ட ஒப்பந்தமே ஆக்கவுரிமை எனலாம்.

இரண்டாவது திரை

இதுவரை ஒரு திரையைப் பற்றியே பேசினோம். இரு திரைகள் இருந்தால் என்ன ஆகும்?

நின்டென்டோ நிறுவனம் 1982-இலேயே இரு திரைகள் கொண்ட கைவிளையாட்டுப் பெட்டிகளைச் செய்தது. 2004-ஆம் ஆண்டு நவம்பரில் அது வெளியிட்ட ‘டி.எஸ்.’ என்னும் கருவி, மேலே ஒரு திரையும் கீழே தொட்டு ஆடக்கூடிய மற்றொரு திரையுமாகப் புத்தகம் போல விரிந்தது. இக்கருவி பதினைந்து கோடிக்கும் மேல் விற்பனையாயிற்று. 2012-இல் வந்த ‘வீ யூ’ என்னும் கருவியில் தொலைக்காட்சி ஒரு திரை. ஆட்டக்காரர் கையில் ஏந்திய பலகையில் 6.2 அங்குலத் திரை மற்றொன்று. அந்தப் பலகைக்குத் தனி ஒலிபெருக்கிகளும் உண்டு. அக்கருவி ஒரு கோடியே முப்பத்தைந்து இலட்சமளவே விற்பனையாகி, 2017-இல் உற்பத்தி நின்றுபோயிற்று.

டி.எஸ். கருவிக்காக 2005-இல் யப்பானிய ஊடகக் கலைஞர் டொஷியோ இவாய் ஆக்கிய ‘எலெக்ட்ரோபிளாங்டன்’ இங்கே நினைவுகூரத் தக்கது. அதில் வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை. நீரில் வாழும் நுண்ணுயிர்கள் போன்ற பத்து வகை உயிர்கள் உண்டு. கீழ்த்திரையில் நாம் கோடு வரைந்தால், அக்கோட்டின் வழியே அவை நீந்திச் சென்று சுரம் எழுப்பும். இலைகளின் சாய்வை மாற்றினால், துள்ளும் உயிர்கள் அவற்றின் மீது பட்டு வெவ்வேறு ஒலி தரும். அதே ஆண்டில் வெளிவந்த ‘ஓஸு! டாடகே! ஓவென்டான்’ என்பது வேறு வகை. கீழ்த்திரையில் பாட்டின் தாளத்துக்கு ஏற்பத் தட்ட வேண்டும். மேல்திரையில் சித்திரக் கதையொன்று ஓடும். தாளம் தப்பாமல் தட்டினால் கதையின் மாந்தர் துன்பத்தினின்று மீள்வர். தப்பினால் அவர் பாடு திண்டாட்டமாகும். ஒரு திரையில் இடும் தாளம், மறு திரையில் ஒருவரது கதியை நிர்ணயிக்கிறது.

இரு திரைகள் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கும்போதுதான் இசைக்கு உண்மையான சோதனை வருகிறது. தொலைக்காட்சியிலிருந்தும் கைப்பலகையிலிருந்தும் ஒரே மெட்டு ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சில தொலைக்காட்சிகள் படத்தையும் ஒலியையும் சீராக்கிக் காட்டுவதற்கு வினாடியில் பத்தில் ஒரு பங்குவரை எடுத்துக்கொள்ளும். கைப்பலகையோ கம்பியின்றி வரும் செய்தியை வேறொரு நேரத்தில் பெறும். ஒலி ஒரு வினாடியில் ஏறத்தாழ 343 மீற்றர் செல்வதால், மூன்று மீற்றர் தொலைவிலுள்ள தொலைக்காட்சியின் ஒலி காதை அடைய இன்னுமொரு நூறில் ஒரு பங்கு வினாடி பிந்தும். இரண்டு ஒலிகளுக்கும் இடையில் வினாடியில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் நேர்ந்தால், நம் செவி அவற்றை ஒன்றாகக் கேளாது, எதிரொலியாகவே கேட்கும். இரண்டு மத்தளக்காரர் தாளம் ஒவ்வாது வாசித்தால் சபை எப்படி இருக்கும் என்பதை வாசகர்கள் அறிவர்.

ஆகவே எந்தப் பகுதியை எந்தத் திரையில் ஒலிக்க விடுவது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எந்தச் சந்தியில் மாற்றுவது, பிந்தும் ஒலிக்காக முந்தும் ஒலியை எவ்வளவு நேரம் நிறுத்தி வைப்பது என்று திட்டமிட வேண்டும். இத்துறையில் ஒருவர் ஆக்கவுரிமை கேட்பதாயின், ‘இரண்டு திரைகளில் இசை’ என்று பொதுப்படக் கேட்டுவிட முடியாது. இந்தக் கடினத்தை இந்த வழியால் தீர்த்தேன், இவ்வழி முன்பு இருந்ததில்லை, துறை அறிந்தவருக்கும் இது வெளிப்படையானதன்று என்று காட்ட வேண்டும். அவருக்குக் கிடைக்கும் நிலம் அந்தக் கூற்றின் எல்லைக்கு உட்பட்ட நிலமே.

வேலியின் நன்மையும் தீமையும்

எழுத்தில் இவ்வாறு நியாயமாகத் தோன்றும் ஏற்பாடு, நடைமுறையில் எப்போதும் நியாயமாக அமைவதில்லை. நாம்கோ என்னும் யப்பானிய நிறுவனம், பெரிய விளையாட்டு ஆயத்தமாகும் வரை திரையில் சிறு விளையாட்டொன்றை ஆட விடும் முறைக்கு 1995-இல் விண்ணப்பித்து அமெரிக்க ஆக்கவுரிமை பெற்றது. 1987-இலேயே கொமடோர் 64 கணினியில் இதையொத்த வழக்கம் இருந்தது. எனினும் 2015-இல் அந்த உரிமை முடியும் வரை, பிற நிறுவனங்கள் பெரும்பாலும் அப்பக்கமே செல்லவில்லை. எத்தனையோ பிள்ளைகள் வெறுந்திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

இசை விளையாட்டுகளிலும் வழக்குகள் உண்டு. காலால் மிதித்துத் தாளமிடும் நடன விளையாட்டுகளால் புகழ்பெற்ற கொனாமி நிறுவனம், அதையொத்த ‘இன் த குரூவ்’ என்னும் விளையாட்டை ஆக்கிய ரொக்ஸர் என்ற சிறிய நிறுவனத்தின் மீது 2005-இல் வழக்குத் தொடர்ந்தது. 2006-இல் வழக்குச் சமரசத்தில் முடிந்தபோது, அவ்விளையாட்டின் உரிமையே கொனாமியின் கைக்குச் சென்றது.

பயிர் முளைக்கும் வரை வேலி தேவை. லாண்டும் மக்கொனலும் பட்ட பாட்டை மறுநாளே பெரிய முதலாளியொருவர் இலவசமாக எடுத்துக்கொள்வாரானால், அத்தகைய முயற்சியில் யார் இறங்குவார்? ஆயினும் வேலி வயலை விட்டு வீதியையும் சேர்த்து வளைக்கும்போது, நடந்து செல்பவர்களுக்கு இடமில்லாது போகிறது. தாளத்துக்குக் காலை மிதிப்பது மனித குலத்தின் பழைய வழக்கம். அதை நடத்தும் இயந்திரத்தின் குறித்த ஓர் அமைப்பு வேண்டுமானால் ஒருவருடையதாக இருக்கலாம். இரண்டையும் பிரித்துக் காண்பதே ஆக்கவுரிமை அலுவலகங்களின் கடமை. அதில் அவை தவறினால் நட்டம் சிறிய படைப்பாளிகளுக்கே.

நமது நாட்டின் 2003-ஆம் ஆண்டு 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இவ்விடயத்தில் ஒரு கோடு கீறியிருக்கிறது. விளையாட்டை ஆடும் விதிகளும் முறைகளும் அதன்படி ஆக்கவுரிமைக்கு உரியன அல்ல. கணினி நிரல்கள் பதிப்புரிமையாற் காக்கப்படுகின்றன. ஆக்கவுரிமையின் காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். மேலும், ஓர் ஆக்கவுரிமை அதை வழங்கிய நாட்டினுள் மட்டுமே செல்லும். அமெரிக்க உரிமை யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒருவர் கணினிமுன் அமர்ந்து செய்வதைத் தடை செய்யாது. ஆனால் அவர் தமது படைப்பை அமெரிக்காவில் விற்க முனையும்போது, அந்நாட்டுச் சட்டம் அவர் வாசலில் வந்து நிற்கும். இன்று விளையாட்டுகள் இணையத்தின் வழியாக ஒரே நாளில் உலகெங்கும் விற்பனைக்குச் செல்வதால், நம் இளைஞர்கள் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

வேலி விழுந்த பின்

ஐமியூஸ் ஆக்கவுரிமை 2011-ஆம் ஆண்டுடன் அந்தப் பழைய ஒப்பந்தத்தின் இரண்டாம் பாகத்துக்கு வந்து சேர்ந்தது. இன்று அம்முறையை எவரும் கையாளலாம். அதனை வைத்திருந்த லூக்காஸ்ஆர்ட்ஸ், 2013-இல் தன் விளையாட்டு ஆக்கும் பணியையே நிறுத்திவிட்டது. நிறுவனம் போயிற்று, ஏடு மட்டும் இருக்கிறது. சந்திகளையும் கிளைகளையும் காட்டும் படங்களோடு, இசையும் கணிதமும் சற்றே பழகிய மாணவர் எவரும் முயன்று படிக்கக்கூடியதாக அது இணையத்தில் கிடைக்கிறது. கட்டணம் இல்லை, அனுமதியும் வேண்டியதில்லை.

ஆக்கவுரிமை ஏடுகளை வழக்கறிஞர்களின் பத்திரங்கள் என்றே பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். அவற்றைப் பாடநூல்களாகவும் கொள்ளலாம் என்பதை நம் மாணவர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். ஒரு காலத்தில் பிறர் தொடக்கூடாது என்று வேலியிட்ட அறிவு எவ்வளவோ இன்று வேலியின்றிக் கிடக்கிறது. அவற்றைப் படித்து, அவற்றிலில்லாத ஒன்றைத் தாமே காண்பவர்தான் அடுத்த கண்டுபிடிப்பாளர்.

நம்மிடையே தாளம் அறிந்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. கணினி கற்கும் பிள்ளைகளுக்கும் குறைவில்லை. இவ்விரண்டும் ஒருவரிடமே கூடும்போது, கூத்து மேடையின் மத்தளக்காரர் எந்தக் கணத்தில் எதைக் கண்டு நடையை மாற்றுகிறார் என்பதை முதன்முதலாக எழுதி வைப்பவர் அவராகவே இருக்கக்கூடும். அந்த அறிவு இன்னும் எந்த ஆக்கவுரிமை ஏட்டுக்குள்ளும் அடங்கிவிடவில்லை. மேடையின் அருகே சென்று, ஆடுபவரின் காலையும் வாசிப்பவரின் கண்ணையும் மாறி மாறிப் பார்ப்பவருக்கே அது கிட்டும்.